போணி

ஓரத்து நாற்காலியில் இருந்தவர் காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். மூன்று நாற்காலிகளை ஒரே இரும்புச் சட்டத்தில் முடுக்கிவைத்த இருக்கை அது. அவர் ஆட்டுகிற ஆட்டமெல்லாம் சட்டத்தின் வழியாக வந்து கோகிலவாணியின் இடுப்பில் ஏறி, மடியில் அவள் அணைத்துப் பிடித்திருந்த ஃபைலில் போய் நடுங்கியது. சார், கொஞ்சம் காலை ஆட்டாம இருங்களேன் என்று சொல்லிவிடலாம். வகுப்பில் பையன்களைப் பார்த்து எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். ஆனால் இது வகுப்பில்லை, பல்கலைக்கழகத்தின் மேலாண்மைத் துறை வராந்தா. மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் டாக்டர் சுகிர்தா இருக்கிறார், ஆராய்ச்சிக்கு வழிகாட்டி, இவளைவிடச் சின்னவர். இந்தப் பக்கம், நாற்பதைத் தாண்டிய பிறகு முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிற கோகிலவாணி இருக்கிறாள். இந்தப் பக்கம் இருக்கிறவர்கள் அடுத்தவர் காலைப் பற்றியெல்லாம் பேசக் கூடாது. அவர் ஆட்டினால் ஆட வேண்டியதுதான். ஃபைலை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உள்ளே இருந்தவை அவளுடைய அசல் சான்றிதழ்கள். அவளுடையவைதான், ஆனால் அவளிடம் இருப்பவை அல்ல. வேலைக்குச் சேர்ந்த அன்றே கல்லூரி அலுவலகம் வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டது, எல்லோருடையதையும் அப்படித்தான், வேறு கல்லூரிக்கு ஓடிவிடக் கூடாதல்லவா. இன்று சாயங்காலத்துக்குள் திருப்பி ஒப்படைத்துவிடுகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கிவந்திருக்கிறாள். பஸ்ஸில் ஃபைலைத் திறந்து பட்டச் சான்றிதழைப் பார்த்தபோது விடுதியில் விட்ட பிள்ளையைப் பார்க்கப் போன மாதிரி இருந்தது. இளைத்துப்போயிருந்தது. ஓரமெல்லாம் மஞ்சள். என்னம்மா, சாப்பிடறியா என்று கேட்காத குறை.

சாயங்காலம் என்றால் எத்தனை மணி என்று கேட்டிருக்க வேண்டும். கல்லூரி சூப்பரின்டென்ட் நாலரைக்கே டிபன் கேரியரைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். இங்கே கையெழுத்து ஆகி, பல்கலைக்கழக அலுவலகத்தில் விண்ணப்பத்தை ஒப்படைத்து, பழைய பஸ் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்து. விண்ணப்பத்துக்கு இன்றே கடைசி நாள் வேறு. கடைசி நாள் வரைக்கும் ஏன் இழுத்தாய் என்று யாரும் கேட்கவில்லை, அவள்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுக் கேட்டுப் பார்த்ததில், முடிவு என்று ஒன்றை அவள் எடுத்த மாதிரியே தெரியவில்லை. சில மாதங்களுக்கு முன்னால் கல்லூரி செக்ரெட்டரி கூப்பிட்டார். நல்ல மனிதர், சத்தம் போட மாட்டார். "மேடம், இன்ஸ்பெக்‌ஷன் வருதுங்க. பேருக்கு முன்னால டாக்டர் இருந்தாத்தான் டிபார்ட்மென்ட் நிக்கும். ஜூனுக்குள்ள எங்கியாச்சும் ரிஜிஸ்டர் பண்ணி நம்பரைக் கொண்டாந்து குடுத்துருங்க. முடியலீன்னாலும் பரவால்லீங்க, அட்மிஷன் செக்‌ஷன்ல ஒரு சேர் போட்டுத் தர்றோம். நாங்க யாரையும் போகச் சொல்றதில்லீங்க." அட்மிஷன் செக்‌ஷன் என்றால் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வீட்டுக்குப் போன் போட்டு, ஏனுங்க, தம்பிக்கு எங்க சேக்கறதா இருக்கறீங்க என்று கேட்கிற வேலை. கோடை விடுமுறையில் எல்லா ஆசிரியர்களும் செய்வதுதான், அவளும் வெயிலில் வீடு வீடாகப் போய் மோர் குடித்துவிட்டு வந்தவள்தான். கோடை முடிந்தால் வகுப்பு இருக்கிறது என்ற தெம்பில் செய்தது அது. வருஷம் பூராவும் கோடையாகவே இருந்தால்? இதை வீட்டில் சொன்னபோது கணவன் தனசேகர் லாரி புக்கிங் ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். "படிக்கறதுன்னா படி. யாரு வேண்டாம்னா?" என்றான். நல்லவன்தான் அவனும். யாரு வேண்டாம்னா. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் யாரும் சொல்லவில்லை. அவளுக்கே வேண்டுமா என்று கேட்டால், அங்கேதான் சிக்கல், அவளுக்கு வேண்டும். நடுவில் எங்கோ, பயந்துகொண்டே வழிகாட்டிகளுக்குப் போன் போட்டு, வேகன்சி இல்லீங்க, பொங்கலுக்கு அப்புறம் பாக்கலாம் என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த நாட்களில், அவளுக்கு வெட்கமாக ஒரு ஆசை வந்துவிட்டது. ஒரு விஷயத்தை உட்கார்ந்து தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை. இந்த வயதில் வருகிற ஆசையா இது.

கால் நின்றது. "மேடம்," என்றார் ஓரத்துக்காரர். "நீங்கதானே என்னோட எடத்துக்கு வர்றவங்க?" ஆஸ்பத்திரியில் கட்டில் காலியாவதற்குக் காத்திருப்பவரிடம் கேட்கிற மாதிரி இருந்தது. அப்போதுதான் அவருடைய காலடியில் இருந்த துணிப்பையைப் பார்த்தாள். புத்தம்புதுசாகக் கட்டிய ஆய்வேடுகள், அட்டையில் தங்க எழுத்து. இவர்தான் குழந்தைவேலு. டாக்டர் சுகிர்தா போனில் சொன்ன குழந்தைவேலு சார். அவர் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தால்தான் ஒரு இடம் காலியாகும், காலியானால்தான் கோகிலவாணிக்கு. "ஆமாங்க சார்," என்றாள். "வாங்க வாங்க. நல்ல எடம்தான்," என்று சிரித்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. சேர்ந்தபோது கறுப்பாக இருந்திருக்கும். ஏதோ ஒரு கல்லூரியில் வணிகவியல் சொல்லிக்கொடுக்கிறாராம். "உங்களுக்கு என்னங்க தலைப்பு?" என்று கேட்டார். அவளுக்குக் காது சூடாகிவிட்டது. விண்ணப்பத்தில் அந்த ஒரு கட்டத்தை மட்டும் நிரப்பாமல் விட்டிருந்தாள். "வந்துங்க சார், இந்தப் போணி இருக்குதில்லீங்களா, அதப் பத்தி." குழந்தைவேலு காதைத் தீட்டிக்கொண்டு, "போணியா? காய்க்கடையில பண்ணுவாங்களே, அதா?" என்றார். "அதேதானுங்க சார்." அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "அதுக்கு ஆளுங்ககிட்டக் குடுத்து நிரப்பற கேள்வித்தாள் எங்கீங்க கெடைக்கும்?" என்றார், உண்மையான கவலையோடு.

கேள்வித்தாள் ஏது. பாப்பாயிதான் இருக்கிறாள். ராசிபுரத்தில் கல்லூரிப் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில், மூடிய வங்கியின் படிக்கட்டுக்குக் கீழே, சாக்கை விரித்துக் கீரை விற்கிறவள். காலையில் முதலில் வருகிற ஆளிடம் அவள் குரலே வேறு. "போணி பண்ணீட்டுப் போ அம்மிணி." அந்த முதல் ஆள் என்ன விலை கேட்டாலும் கொஞ்சம் முனகிவிட்டுக் கொடுத்துவிடுவாள். கடன் மட்டும் கிடையாது. வாங்கின காசைக் கண்ணில் ஒற்றி, கீரைக்கட்டுகளின் மேலே ஒரு சுற்றுச் சுற்றி, மடியில் போட்டுக்கொள்வாள். ஒருநாள் போணி பண்ணின ஒருத்தி, வாங்கின அரைக்கீரையில் பூச்சி இருக்கிறது என்று அடுத்த நிமிஷமே திரும்பி வந்தாள். வேறு கட்டு எடுத்துக்கோ, ரெண்டா எடுத்துக்கோ, காசை மட்டும் கேக்காதே என்று பாப்பாயி கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னாள். போணியைத் திருப்பக் கூடாதாம். பஸ்ஸுக்காக நின்றுகொண்டு இதையெல்லாம் கோகிலவாணி வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறாள், பார்க்கிறோம் என்று தெரியாமலே. தெரிந்தது ஒரு மழைக்கால நாளில். அன்றைக்கு அவள்தான் முதல் ஆள். சிறுகீரையைக் கையில் எடுத்துவிட்டாள், பர்ஸில் பார்த்தால் ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றுதான், பாப்பாயியிடம் சில்லறை இல்லை, பஸ் ஹாரன் அடித்துவிட்டது. கட்டைத் திரும்ப வைத்துவிட்டு ஓடிவிட்டாள். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது பாப்பாயி அங்கேயே உட்கார்ந்திருந்தாள், கீரை முழுக்கத் துவண்டு கிடந்தது. திட்டவில்லை. முகத்தைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். மழைதான் காரணம். மழையில் யார் கீரை வாங்க வருவார்கள். ஆனால் எதிரில் காய் விற்கிறவள் எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போயிருந்தாளே. அன்றிரவு தட்டின் முன்னாலும் அதே யோசனை. போணி கெட்டுப்போனதால் கீரை விற்கவில்லையா, போணி கெட்டுவிட்டது என்று நினைத்த பாப்பாயி வந்தவர்களிடமெல்லாம் வேறு மாதிரிப் பேசினாளா, கூவாமல் இருந்தாளா, விலையை இறக்கினாளா, ஏற்றினாளா? முதல் வியாபாரம் மீதி நாள் வியாபாரத்தை என்ன செய்கிறது? மார்க்கெட்டிங் என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்தும் இதற்கு அவளிடம் பதில் இல்லை. யாரிடமும் இருந்த மாதிரியும் தெரியவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, உப்புப் பத்தலியா என்று கேட்டான் தனசேகர்.

அதைச் சொல்லலாம் உள்ளே. இப்படியே சொல்லலாம், பாப்பாயி, மழை, துவண்ட கீரை. இல்லை, அப்படிச் சொன்னால் கதை மாதிரி இருக்கும். நுகர்வோர், சில்லறை வணிகம், நடத்தை என்று ஆரம்பிக்க வேண்டும். வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள், நாக்கு உலர்ந்திருந்தது. தண்ணீர் பாட்டிலை பஸ்ஸிலேயே விட்டுவிட்டாள் போல. கடவுளே, ஃபைலை விடாமல் இருந்தேனே. குழந்தைவேலு மறுபடி காலை ஆட்ட ஆரம்பித்திருந்தார், இந்தத் தடவை பேசிக்கொண்டே. "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். நானும் ஏதேதோ நெனச்சுட்டுத்தான் வந்தேன். கடைசியில மில் ஊழியர்களின் பணித் திருப்தி. மில்லுக்குள்ளயே விடலை மேடம், வாட்ச்மேனே தொரத்திட்டான். நானும் எங்க வீட்டம்மாவும் ராத்திரி டி.வி. பாத்துக்கிட்டே நிரப்புனதுதான் எல்லாம். ஒண்ணே ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்குங்க. அஞ்சு கட்டம் இருக்கும். ஒண்ணுன்னா முற்றிலும் மறுக்கிறேன், அஞ்சுன்னா முற்றிலும் உடன்படுகிறேன். நாலு போட்டுக்கிட்டே வாங்க. அஞ்சு போட்டாச் சந்தேகம் வரும். நடுநடுவுல ரெண்டு மூணு தெளிச்சு விட்டுருங்க, கோலத்துக்குப் பூ வைக்கற மாதிரி." சொல்லிவிட்டுப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவர் முகத்தில் பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை. களைப்பு மட்டும் இருந்தது. அவர் மேல் கோபப்பட வேண்டும் என்று கோகிலவாணி முயன்று பார்த்தாள். வரவில்லை. இவர் இன்றைக்குக் கொடுக்காமல் போய்விட்டால் என்ன ஆவது என்ற பயம்தான் வந்தது. கதவு திறந்தது, அவரைக் கூப்பிட்டார்கள். பையைத் தூக்கிக்கொண்டு போனார். இருக்கை சட்டென்று அசையாமல் நின்றுவிட்டது, அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அவர் சிரித்துக்கொண்டே வெளியே வந்து, "காலியாயிருச்சுங்க மேடம், போங்க," என்று சொல்லிவிட்டு வராந்தாவில் நடந்து போனார். உள்ளே டாக்டர் சுகிர்தா எழுந்து நின்றார். கோகிலவாணி இதை எதிர்பார்க்கவில்லை. அதட்டுவார், காக்க வைப்பார், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே பேசுவார் என்றெல்லாம் நினைத்துத் தயாராகியிருந்தாள். "வாங்க மேடம், உங்களப் போய் வெளிய உக்கார வச்சுட்டேன், மன்னிச்சுக்குங்க. சர்வீஸ்ல நீங்க எனக்கு சீனியர்," என்றார். மேசையில் மூடாத டிபன் பாக்ஸில் பாதித் தயிர்சாதம் காய்ந்துகொண்டிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுப்பு. இவ்வளவு மரியாதையாக நடத்துகிறவரிடம் எப்படி வாதாடுவது. கோகிலவாணி ஆரம்பித்தாள். நுகர்வோர், நடத்தை என்று தொடங்கி எங்கோ தடுக்கி, கடைசியில் பாப்பாயியும் மழையும்தான் வந்து விழுந்தார்கள். டாக்டர் சுகிர்தா கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். நடுவில் ஒரு தடவை, எங்க அம்மாவும் அப்படித்தான், காலைல கடைக்குப் போனா பேரம் பேச மாட்டாங்க என்றுகூடச் சொன்னார். கிடைத்துவிடும் என்று கோகிலவாணி நினைத்துவிட்டாள். ஒரு அரை நிமிஷம் முழுசாக நம்பினாள்.

"நல்லா இருக்குது மேடம்," என்றார் டாக்டர் சுகிர்தா. "இதுக்கு ஸ்கேல் இருக்குதா?" ஸ்கேல் என்றால் ஏற்கனவே யாரோ தயாரித்து, யாரோ சரிபார்த்த கேள்விகளின் தொகுப்பு. "இல்லீங்க மேடம். பாத்துத்தான். தெனமும் உக்காந்து பாத்து." "பாத்துன்னா, கமிட்டி கேக்குமே மேடம். யாரு பாத்தது, எப்படி அளந்தீங்க, முன்னாடி யாரு பண்ணியிருக்காங்கம்பாங்க. பதில் சொல்ல வேண்டியது நான். போன வருஷம் ஒருத்தர் புதுசா ஒரு தலைப்பு கொண்டாந்தார். கமிட்டி ரெண்டு தடவை திருப்பி அனுப்பிருச்சு. இப்ப அவர் போனே எடுக்கறதில்ல." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கும் ஆசைதான் மேடம். பொய் சொல்லல." பொய் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அதுதான் கோகிலவாணிக்குத் தாங்கவில்லை. ஒரு கெட்டவரிடம் மாட்டியிருந்தால் எழுந்து வந்திருக்கலாம், தனசேகரிடம் வந்து திட்டித் தீர்த்திருக்கலாம். "சுயநிதிக் கல்லூரி ஆசிரியர்களின் பணித் திருப்தி, நம்ம மாவட்டத்துக்கு மட்டும். ஸ்கேல் என்கிட்டயே இருக்குது. நீங்களும் அதே ஃபீல்டு, சாம்பிளுக்கு அலைய வேண்டாம். மூணு வருஷத்துல முடிச்சர்லாம். என்ன சொல்றீங்க?" என்ன சொல்வாள். சுவர்க் கடிகாரம் ஓடியது. சூப்பரின்டென்ட் டிபன் கேரியரைத் துடைத்தார். ஹெட்போன் காதில் ஏறியது. ஏனுங்க, தம்பிக்கு எங்க சேக்கறதா இருக்கறீங்க. "எழுதீர்றேங்க மேடம்," என்றது அவள் குரல். காலியாக இருந்த கட்டத்தில் எழுதினாள். கையெழுத்து வழக்கத்தைவிட அழகாக வந்தது, அதற்கு என்ன அவசரமோ. டாக்டர் சுகிர்தா சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். முடிந்துவிட்டது.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு மேடம். மாதிரிக்கு ஒரு கேள்வித்தாள் நிரப்பி இணைக்கணும். நீங்களே நிரப்பிருங்க, நீங்களும் ஆசிரியர்தானே." நீட்டிய தாளை வாங்கிக்கொண்டு ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள் கோகிலவாணி. நிறுவனம் என் உழைப்பை மதிக்கிறது. பேனா கட்டங்களின் மேல் நின்றது. இதை அவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. செக்ரெட்டரி கேட்டதில்லை, தனசேகர் கேட்டதில்லை, அவளே கேட்டுக்கொண்டதில்லை. ஒன்றைச் சுழித்தாள். முற்றிலும் மறுக்கிறேன். என் பணியில் முடிவெடுக்கும் சுதந்திரம் எனக்கு இருக்கிறது. ஒன்று. என் தகுதிகளுக்கு உரிய பாதுகாப்பு இங்கே உண்டு. மடியில் ஃபைல் கனத்தது. ஒன்று. கை வேகமெடுத்தது, ஒன்று, ஒன்று, ஒன்று, கிணற்றில் கல்லைப் போடுகிற சின்னப் பெண் மாதிரி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போனாள். காலையிலிருந்து முதல் தடவையாக அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுந்து போய் நீட்டினாள். டாக்டர் சுகிர்தா மேலிருந்து கீழ் வரை பார்த்தார். கோபம் வரவில்லை அவருக்கு. "எல்லாத்துக்கும் ஒண்ணு போட்டிருக்கீங்க மேடம்." "உண்மையத்தான் போட்டேனுங்க." "தெரியுது மேடம். நான் மட்டும் என்ன..." என்று ஆரம்பித்தவர் டிபன் பாக்ஸை மூடினார். "இப்படி வந்தா மத்ததோட ஒட்டாததுன்னு எடுத்துருவோம் மேடம். கணக்குல சேராது. நிஜமாவே இப்படித்தான் வரும், வந்தா எடுத்துருவோம்." அந்தத் தாளைத் திருப்பி, பின்பக்கம் சும்மாதானே இருக்கிறது என்று, அலுவலகத்தில் எந்தெந்தச் சான்றிதழை எந்த வரிசையில் வைத்துக் காட்ட வேண்டும் என்று பொறுமையாக எழுதிக் கொடுத்தார். கூடவே ஒரு புதுத் தாளும்.

ஸ்டூலில் மறுபடி உட்கார்ந்தாள். நாலு. நாலு. நாலு. நடுவில் ஒரு மூன்று. மறுபடி நாலு. முடிவெடுக்கும் சுதந்திரத்துக்கு ஒரு ரெண்டு போடலாமா என்று பார்த்தாள், பயமாக இருந்தது, நாலே போட்டாள். டாக்டர் சுகிர்தா வாங்கிப் பார்த்து, விண்ணப்பத்தின் பின்னால் வைத்துப் பின் அடித்தார். அவளுடைய முகம் வாடியிருந்ததைக் கவனித்திருக்க வேண்டும். ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்து, காலையிலிருந்து கேட்டதிலேயே அவருக்குப் பிடித்துப்போன வார்த்தையைத் தேடி எடுத்து, அன்போடு சொன்னார். "பாத்தீங்களா மேடம், போணி ஆயிருச்சு. இனிமே மளமளன்னு வந்துரும்." கோகிலவாணிக்குக் கை தன்னால் முன்னே போனது. அந்தத் தாளைக் கொடுங்க மேடம், வேறொன்று நிரப்பித் தருகிறேன் என்று கேட்கத்தான் போனது. பாதி வழியில் பாப்பாயியின் குரல் கேட்டது, ரெண்டா எடுத்துக்கோ அம்மிணி, திருப்பிக் கேக்காதே. கையை மடக்கிக்கொண்டாள். "சரிங்க மேடம்," என்று சொல்லிவிட்டு ஃபைலை எடுத்துக்கொண்டு, அலுவலகம் சாப்பாட்டுக்கு மூடுவதற்குள் போய்விடலாம் என்று வேகமாக நடந்தாள்.